கரி அவர்களுடையது, புகை அக்காவுடையது

எங்கள் பேட்டரிக் கம்பெனி பூமியைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்த மாதமே, கேன்டீனில் டீ அரை டம்ளராகக் குறைந்தது.

முடிவை எம்.டி. தொழிற்சாலை முற்றத்தில் மேடை போட்டு அறிவித்தார். எங்களை எல்லாம் வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேடைக்குக் கூரையும் மின்விசிறிகளும் இருந்தன. எம்.டி. நல்ல பேச்சாளர். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாது; அது ஒன்றுதான் அவருடைய குறை.

"பூமி சூடாகிட்டே போகுது. அதுக்கு நம்ம கம்பெனியும் ஒரு காரணம்னு வெளியில சொல்றாங்க. நான் அதை மறுக்கப் போறதில்ல. மறுக்கிறதுக்கு வக்கீல் வச்சிருக்கோம். இன்னிக்கு உங்க முன்னால உறுதி எடுத்துக்கறேன். இந்த நூற்றாண்டு பாதி முடியறதுக்குள்ள நம்ம கம்பெனி ஒரு துளி கார்பன்கூட வெளியில விடாது. அப்ப நான் இங்க இருக்க மாட்டேன். உங்கள்ல முக்கால்வாசிப் பேர் உலகத்துலயே இருக்க மாட்டீங்க. அதனாலதான் இவ்வளவு தைரியமா வாக்குக் கொடுக்க முடியுது."

கைதட்டினோம். எந்தெந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லித் தந்திருந்தார்.

எம்.டி.க்குப் பூமியின் மேல் திடீரென்று பாசம் பொங்கியதற்குக் காரணம் இருந்தது. எங்களிடம் பேட்டரி வாங்கும் பெரிய கார் கம்பெனி, கார்பன் சுத்தச் சான்றிதழ் இல்லாதவர்களிடம் இனி எதுவும் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டது. எங்கள் தொழிற்சாலையின் பின்கோடியில் ஓர் உலை இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தைக் கரியோடு சேர்த்து அதில் உருக்குவார்கள். அந்த ஈயம்தான் எங்களிடம் வந்து புதுப் பேட்டரியாக மாறும். உலைக்கு மேலே சிமினி, சிமினிக்கு மேலே புகை. சான்றிதழுக்கும் கம்பெனிக்கும் குறுக்கே அந்தப் புகை நின்றது.

புகையைக் கவனிக்க ஓர் அதிகாரியை நியமித்தார்கள். அவர் பதவியின் பெயர் அவருடைய கதவைவிட நீளமாக இருந்ததால் நாங்கள் அவரைக் கார்பன் சார் என்று சுருக்கினோம். அவருக்குக் கண்ணாடி அறை கட்டி ஏ.சி. வைத்தார்கள். உள்ளே அப்படி ஒரு குளிர். அவர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்படுவார்.

கவலைப்பட்டு முடித்துவிட்டு அவர் முதலில் வந்த இடம் கேன்டீன்.

கேன்டீனை நடத்துபவளை சூப்பர்வைசர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவள் கம்பெனி ஊழியர் இல்லை. சமையல் ஒப்பந்தம் அவள் பெயரில் இருந்தது. அவள் வீட்டுக்காரர் உலையில் வேலை பார்த்தார். அந்த முறையில் அவர் எங்கள் எல்லோருக்கும் மச்சான். மச்சானின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், கேன்டீனில் காய் நறுக்குவாள். கத்தி மழுங்கினாலும் அவள் வாய் மழுங்காது.

"இந்தக் கம்பெனியில எங்கெங்க நெருப்பு இருக்குன்னு பாத்துட்டு வர்றேன்," என்றார் கார்பன் சார், குனிந்து அடுப்பைப் பார்த்தபடி. "உங்க அடுப்பு ரொம்ப எரியுதேம்மா."

"பின்னால உலையும் எரியுதே சார். அதைப் பாத்தீங்களா?"

"அது ரொம்பப் பெரிசும்மா. பெரிசை எல்லாம் கடைசியிலதான் தொடணும். முதல்ல கைக்கு அடக்கமா இருக்கிறதைக் குறைச்சுப் பழகணும்."

கைக்கு அடக்கமாக இருந்தது டீ டம்ளர். அதைக் குறைத்தார்.

அடுத்து, சிமினிக்கு வான நீலத்தில் பெயின்ட் அடித்தார்கள். போட்டோ எடுத்தால் சிமினி வானத்தோடு கலந்துவிடும் என்பது ஏற்பாடு. ஆனால் எங்கள் உலைக்கு மேலே இருந்த வானம் அவ்வளவு நீலமாக இல்லை. ஆகவே சிமினி முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. மறுபடியும் சாரம் கட்டிச் சாம்பல் நிறம் அடித்தார்கள். உடனே மறைந்துவிட்டது.

மூன்றாவதாகச் செய்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. உலைக்கும் சிமினிக்கும் நடுவில் தூசி வடிகட்டி ஒன்று இருந்தது. ஆள் உயரத் துணிப்பைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு ராட்சத விசிறி. உலையிலிருந்து கிளம்பும் ஈயத் தூசியை அது இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் விசிறி மின்சாரம் தின்றது. மின்சாரம் தின்றால் கார்பன் கணக்கு ஏறும். ஈயத் தூசி கார்பன் இல்லை. அதற்குக் கணக்கும் இல்லை. ஆகவே பூமியின் நலனை முன்னிட்டு விசிறியை நிறுத்தினார்கள். கம்பெனிப் பத்திரிகையில் அதை ஒரு சாதனையாகப் போட்டார்கள். கார்பன் சார் சுவிட்சின் மேல் விரல் வைத்துச் சிரிக்கும் படம் வந்தது.

அதன் பிறகு உலைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களின் புருவம் நரைத்தது. தட்டினால் உதிரும் நரை. தெருவில் காயப்போட்ட துணியில் சாம்பல் படிந்தது. மச்சான் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி உட்கார ஆரம்பித்தார்.

"உள்ளுக்குள்ள யாரோ ஈரத்துணியைப் பிழியற மாதிரி இருக்கு," என்பார்.

"எல்லாம் உன் பெண்டாட்டி சமையல்தான்," என்பாள் தங்கை. அப்போது எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

டீயைக் குறைத்தும் விசிறியை நிறுத்தியும் கணக்கு இறங்கவில்லை. உலை இருக்கும் வரை அது இறங்காது. ஒரு நாள் கார்பன் சார் அக்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்தக் கம்பெனியில் யாரும் அவளுக்கு நாற்காலி போட்டதில்லை. அப்போதே அவளுக்குச் சுருக்கென்றது.

"அம்மா, ஒரு நல்ல செய்தி. உலையை உங்க பேருக்கு எழுதி வைக்கறோம்."

"எந்த உலையை?"

"நம்ம உலையைத்தான். இனிமே அது உங்க உலை. நீங்க ஈயம் உருக்கிக் கொடுப்பீங்க, நாங்க வாங்கிப்போம். கேன்டீன் மூலமா நீங்க ஏற்கெனவே நம்மகிட்ட ஒப்பந்தக்காரர். புதுசா ஆள் தேட வேண்டாம். அதோட உங்களுக்கு அடுப்பு பழக்கம். இதுவும் ஒரு அடுப்புதானே?"

"ஈயம் யாருது சார்?"

"எங்களது."

"கரி?"

"கரியும் எங்களது. கரியா இருக்கிற வரைக்கும் எங்களது. புகை ஆனதும் உங்களது."

"அப்ப எனக்குன்னு இருக்கிறது புகை மட்டும்தானா?"

"அப்படிச் சுருக்கமா சொல்லக்கூடாது. உலைக்கூடத்து ஆளுங்களும் உங்களுக்குத்தான். உங்க வீட்டுக்காரரும் சேர்த்து."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, முக்கியமான விஷயத்துக்கு வந்தார். "சான்றிதழுக்காகச் சரிபார்க்க வர்றவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. உலை யார் கட்டுப்பாட்டுல இருக்கு? அதனால எழுத்துல ரொம்பத் தெளிவா இருக்கு. பத்த வைக்கறது, நிறுத்தறது, ரிப்பேர் பண்றது, விக்கறது எல்லாம் உங்க இஷ்டம். கம்பெனி உங்களுக்கு ஒரு உத்தரவும் போடாது. நாங்க ஒரே ஒரு உத்தரவு போட்டாக்கூட அந்தப் புகை முழுக்க எங்க தலையில வந்து விழுந்துடும்."

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"உங்க இஷ்டம்மா. யாரும் கட்டாயப்படுத்தல. கேன்டீன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுன்னு மட்டும் ஞாபகப்படுத்தறேன்."

அக்கா கையெழுத்துப் போட்டாள். வெளியே வரும்போது அவள் உதடு குளிரில் வெளுத்திருந்தது.

கேன்டீனில் செய்தி கேட்ட நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்க அண்ணனுக்கு நீங்க முதலாளியா அண்ணி? கல்யாணத்தன்னிக்கே ஆயிட்டீங்களே, இப்பதான் பேப்பர்ல வருதா?"

உலைக்கூடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கம்பெனி. அந்தப் பக்கம் அக்கா. வாசலில் 'அக்கா உருக்காலை' என்று பலகை மாட்டினார்கள். மாதாமாதம் முகமூடி கொண்டுவந்து தரும் ஸ்டோர் ஆள் கோடு வரை வந்து நின்று, உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிப் போனார். குளிக்கும் அறை கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால், உலை ஆட்கள் ஈயத் தூசியோடு அப்படியே வீட்டுக்குப் போனார்கள்.

மறுவாரம் அக்காவுக்குக் கம்பெனியிலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. அவளுடைய புகை அனுமதியின்றிக் கம்பெனி எல்லைக்குள் நுழைகிறதாம். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"நான் என்ன சார் பண்றது? புகை என்ன ஆடா மாடா, ஓட்டிக்கிட்டுப் போய்க் கட்டி வைக்க?"

"பதில் எழுதிக் கொடுங்கம்மா. 'வருந்துகிறேன்'னு ஒரு வார்த்தை போதும். கோப்புக்கு அழகா இருக்கும்."

"அந்த விசிறியைப் போட்டா பாதித் தொல்லை தீரும் சார்."

"போடுங்களேன். உங்க விசிறி. மின்சார இணைப்பு மட்டும் எங்களது. அதைக் கொடுத்தா எங்க கணக்கு ஏறும். அதனால கொடுக்க முடியாது."

ஒரு காலையில் மச்சான் பல் துலக்கக் கையைத் தூக்கினார். கை வந்தது, மணிக்கட்டு வரவில்லை. தண்டு ஒடிந்த பூ மாதிரித் தொங்கியது. அவர் அதை இன்னொரு கையால் நிமிர்த்திப் பார்த்தார். விட்டதும் மறுபடி தொங்கியது. அக்காவிடம் வந்து காட்டினார். அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு நேராகக் கம்பெனி டாக்டரிடம் போனாள்.

டாக்டர் நல்லவர். எழுந்து நின்று வரவேற்றார். ஈறைப் பார்த்தார், நீலமாக ஒரு கோடு ஓடியிருந்தது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது. பிறகு உட்கார்ந்து, "ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. ஆஸ்பத்திரியில சேத்து மருந்து ஏத்தணும்," என்றார்.

"சேத்துடுங்க டாக்டர்."

"நான் கம்பெனி ஊழியர்களைத்தான் பாக்க முடியும்மா. இவர் யார்கிட்ட வேலை பாக்கறார்?"

"என்கிட்ட," என்றாள்.

"அப்ப நீங்கதான் பாத்துக்கணும். முதலாளிங்கற முறையில உங்களுக்கு ஒரு யோசனை சொல்றேன். தொழிலாளிகளை இவ்வளவு அலட்சியமா வச்சுக்கக் கூடாது."

மச்சான் தொங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா அவரை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அரசு ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இல்லை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில், வேலை கொடுத்தவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவள் போட்டாள். வேலை கொடுத்தவர் கட்ட வேண்டிய காப்பீடு எங்கே என்றார்கள். புகையை எழுதி வைத்தவர்கள் அதை எழுதி வைக்கவில்லை.

அந்த வாரமே, தெருக்காரர்கள் புகார் சொல்கிறார்கள் என்று எம்.டி. ஊர்க்கூட்டம் ஒன்று நடத்தினார். எல்லோருக்கும் டீ கொடுக்கும் பொறுப்பு அக்காவுக்கு. ஒரு இளம் தாய் எழுந்து, தன் குழந்தை தொட்டிலில் சாம்பல் படிகிறது என்று சொன்னாள். எம்.டி. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. எங்க கம்பெனியிலிருந்து ஒரு துளி புகை வரல. ஒரு துளி தூசி வரல. எங்க காத்துல எந்த மாசும் இல்ல. அந்த உலை எங்களது இல்ல. அதை நடத்தறது ஒரு பொம்பளை. படிப்பறிவு இல்லாதவங்க. லாபம் ஒண்ணுதான் குறி. நாங்க கடிதம் எழுதிக் கண்டிச்சிருக்கோம். இப்படிப்பட்டவங்களாலதான் பூமி சூடாகுது."

அக்கா டீத்தட்டோடு பின்வரிசையில் நின்றிருந்தாள். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இளம் தாய் தன் கையில் இருந்த டம்ளரைக் குடிக்காமல் தட்டில் திருப்பி வைத்தாள். அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

வீட்டில் மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் அவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். அன்று அவள் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. கூட்டத்தில் எம்.டி. பேசியதை அக்கா சொன்னாள்.

"அண்ணி, அந்த ஆளைச் சும்மா விடப்போறீங்களா?"

"விடறதா?" என்றாள் அக்கா. "சமையக்காரிக்கு உலையை எழுதிக் கொடுத்தாங்கல்ல? பாப்போம், முதலாளின்னா என்னன்னு நானும் காட்டறேன்."

"ஏதாவது வம்பு பண்ணிடாதே," என்றார் மச்சான்.

"நீங்க சும்மா இருங்க. நீங்க என் தொழிலாளி."

அவள் அவசரப்படவில்லை. சான்றிதழ் அமைப்பிலிருந்து சரிபார்க்கும் அதிகாரி வரும் நாளுக்காகக் காத்திருந்தாள். அன்று காலையில் உலை ஆட்களிடம், இருக்கும் ஈயத்தை வடித்துவிட்டு அடுத்த கரியை ஏற்ற வேண்டாம் என்று சொன்னாள். அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்கும் வயிறு பிழிந்துகொண்டிருந்தது. உலை அணைந்தது. சிமினி வாய் திறந்தபடி வெறுமனே நின்றது. அக்கா உலைக்கூட வாசலில், மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

மதியத்துக்குள் எங்களுக்கு ஈயம் வருவது நின்றது. பேட்டரி செய்யும் வரிசையும் நின்றது. கார் கம்பெனியின் லாரிகள் வாசலில் ஹாரன் அடித்தன. கார்பன் சார் கம்பளிச் சட்டையோடு ஓடிவந்து கோட்டின் விளிம்பில் சறுக்கி நின்றார்.

"அம்மா, என்னம்மா இது? உலை..."

"என் உலைதானே சார்? நிறுத்தியிருக்கேன்."

"உடனே பத்..." என்று ஆரம்பித்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். எம்.டி. அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

அதிகாரி ஒல்லியான, வயதான பெண்மணி. கையில் பேனா. அவர் அண்ணாந்து சிமினியைப் பார்க்கவே இல்லை. புகை அவருடைய துறை இல்லை. யாருடைய புகை என்பதுதான் அவருடைய துறை.

"நிறுத்தினது யார்?" என்று கேட்டார்.

"நான்தாங்க. என் தொழிலாளிக்கு உடம்பு சரியில்ல. வடிகட்டி ஓடல. முதலாளிங்கற முறையில நிறுத்திட்டேன்."

அதிகாரி எம்.டி. பக்கம் திரும்பினார். "பத்த வைக்கச் சொல்லி நீங்க இவங்களுக்கு உத்தரவு போட முடியுமா?"

"சே சே!" என்றார் எம்.டி. "அது அவங்க சொந்த உலை. அவங்க சுதந்திரத்துல நாங்க தலையிடறதே இல்ல."

"நல்லது," என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

லாரி ஹாரன் மறுபடி கேட்டது. எம்.டி. கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். முகத்தில் சிரிப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல், காற்றிடம் பேசினார். "இன்னிக்குக் கொஞ்சம் குளிரா இல்ல? எங்கயாவது நெருப்பு இருந்தா நல்லா இருக்கும்."

"பொதுவா," என்றார் கார்பன் சார், "உலைங்கறது எரிஞ்சாத்தான் அழகு."

"அழகு பாத்து அடுப்பு பத்த வைக்கறதில்ல சார்," என்றாள் அக்கா, வெங்காயத் தோலை ஊதிவிட்டு.

"நீங்க சொன்னது யோசனையா, உத்தரவா?" என்று கார்பன் சாரிடம் கேட்டார் அதிகாரி.

"கவிதை," என்றார் கார்பன் சார்.

எம்.டி.யின் போன் அடித்தது. கார் கம்பெனி. அவர் தள்ளிப்போய்ப் பேசினார். அவர் பிடரி சிவப்பதை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். திரும்பி வந்தவர் கைகூப்பாத குறையாக, "அம்மா, பெரிய மனசு பண்ணுங்க. உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க," என்றார்.

"ஒண்ணும் வேணாங்க. உள்ள வந்து பாருங்க. என் ஆளுங்க எந்தக் காத்துல நிக்கறாங்கன்னு நீங்களும் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க."

எம்.டி. கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். தரை, சுவர், விட்டம் எல்லாம் சாம்பல் பூசி இருந்தது. அவர் கார்பன் சாரிடம் மெதுவாக, "முகமூடி கொண்டு வரச் சொல்லுய்யா," என்றார்.

"உங்க காத்துல மாசே இல்லன்னு ஊர்க்கூட்டத்துல சொன்னீங்களே. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே காத்துதானே? அப்புறம் முகமூடி எதுக்குங்க?" என்றாள் அக்கா.

எம்.டி. கோட்டைத் தாண்டவில்லை. அதே நேரத்தில் பின்வாசல் வழியாக ஒரு வண்டி உள்ளே வந்தது. அதிலிருந்து பழைய இரும்புக் கடைக்காரர் இறங்கினார். அவரோடு ஓர் ஆள், கையில் நெருப்பால் இரும்பு வெட்டும் கருவி. கடைக்காரர் உலையைத் தட்டிப் பார்த்தார், சிமினியைச் சுற்றி வந்தார்.

"எங்கேருந்து வெட்டறது அக்கா? அடியிலேருந்தா, மேலேருந்தா?"

"உங்களுக்கு எது வசதியோ," என்றாள் அக்கா. "எடைக்குத்தானே போடறேன்."

வெட்டும் கருவி பற்றிக்கொண்டு சீறியது. நீல நாக்கு உலையின் இரும்பைத் தொட்டதும் பொறி பறந்தது.

"ஏய், நிறுத்து!" எம்.டி. மஞ்சள் கோட்டை மிதித்துக்கொண்டு பாய்ந்தார். "யாரைக் கேட்டு விக்கற? உன் அப்பன் வீட்டுச் சொத்தா? அது என் உலை! நான் கட்டின உலை! சோறாக்கற கழுதைக்கு ரெண்டு காகிதத்துல பேர் எழுதிக் கொடுத்தா உன்னுதாயிடுமா? பத்த வை! இப்பவே பத்த வை! இது என் உத்தரவு!"

வெட்டுகிறவர் கருவியை அணைத்தார். அமைதியில் பேனா மூடும் சத்தம் கேட்டது.

"ரொம்ப நன்றி," என்றார் அதிகாரி. "கட்டுப்பாடு உங்ககிட்டதான் இருக்கு. எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு சார். இங்க இருக்கிற எல்லாருக்கும் கேட்டுச்சு."

அக்கா முக்காலியிலிருந்து எழுந்தாள். மடியில் இருந்த வெங்காயத் தோலை உதறினாள். "கேட்டீங்கல்ல? உலை அவருது. அப்ப புகையும் அவருது, தூசியும் அவருது, என் வீட்டுக்காரரோட வயித்துவலியும் அவருது. டாக்டரை வரச் சொல்லுங்க. கம்பெனி ஊழியர் ஒருத்தர் வீட்டுல படுத்திருக்கார்."

டாக்டர் வந்தார். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. அன்று சாயங்காலமே மச்சானைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கம்பெனி கார் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. டாக்டரே காரின் கதவைத் திறந்துவிட்டார். நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்து, "மெதுவா டாக்டர், கை சுளுக்கிடப் போகுது," என்றாள்.

சான்றிதழ் வரவில்லை. கார் கம்பெனி லாரிகளைக் காலியாகவே திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. அதுவரை எங்கள் தொழிற்சாலைக்கு வழி தெரியாமல் இருந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு ஒரே வாரத்தில் வழி தெரிந்துவிட்டது. எங்கள் எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் ரத்தத்தில் ஈயம் இருந்தது. தெருவில் குழந்தைகள் ரத்தத்திலும் இருந்தது. தொழிற்சாலை சில காலம் மூடிக் கிடந்தது. எங்கள் வீடுகளில் அடுப்பும் சரியாக எரியவில்லை. ஆனாலும் அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பங்குதாரர்கள் எம்.டி.யை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாக வந்தவர் முதலில் போட்ட உத்தரவு விசிறியைப் போடு என்பதுதான். கார்பன் சாரை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் இப்போது ஊர் ஊராகப் போய், தோல்வியிலிருந்து கற்றுக்கொள்வது எப்படி என்று பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டம் வருகிறதாம்.

ஈயத் தூசிக்காகப் பழைய எம்.டி. மேல் விசாரணை நடந்தது. உலை அப்போது சட்டப்படி அந்த அம்மாவுடையதுதான் என்று அவருடைய வக்கீல் ஆரம்பித்தார். சரிபார்த்த அதிகாரி எழுந்து, தான் எழுதிக்கொண்டதை ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். கழுதை என்ற வார்த்தையையும் விடவில்லை. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்து எழுந்து, குரலை மாற்றிக்கொண்டு, அக்காவிடம் வந்தார்.

"அம்மா, அவர் குடும்பஸ்தர். தூக்கமில்லாம இளைச்சுப் போயிட்டார். உங்க வாயால மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா தண்டனை குறையும். உங்களுக்குப் புண்ணியமா போகும்."

அக்கா பழைய எம்.டி.யைப் பார்த்தாள். "சார், கையை நீட்டுங்க."

அவர் விழித்தார்.

"நீட்டுங்க சார். ரெண்டு கையும்."

அவர் நீட்டினார். இரண்டு கையும் நேராக, மணிக்கட்டு நிமிர்ந்து, விரல் விரியும்படி வந்தன. நடுங்கக்கூட இல்லை.

"நல்லா இருக்கு," என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரருக்கு இப்படி நீட்ட வராது." பிறகு விசாரணை அதிகாரியிடம் திரும்பி, "நான் மன்னிக்கலங்க. அப்படியே எழுதிக்குங்க," என்றாள்.

எழுதிக்கொண்டார்கள்.

அங்கிருந்து அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். மச்சானுக்கு அடுத்த சுற்று மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் இறங்கும், எலும்புக்குள் போனது எலும்பிலேயே இருக்கும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கஞ்சியை ஆற்றி ஒரு கரண்டி அவர் வாயில் வைத்தாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் மச்சான்.

அவள் சொன்னாள். அதிகாரி வாசித்ததையும், வக்கீல் உட்கார்ந்ததையும், கையை நீட்டச் சொன்னதையும் சொன்னாள்.

"நீட்டினானா?"

"நீட்டினான்."

"அப்ப அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் நீட்டி, வாயைப் பாதி திறந்து, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாத ஒருவனைப் போல முகத்தை வைத்துக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார். மச்சான் சிரிக்கவில்லை. பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை காட்டு," என்றார்.